கரை ஒதுங்காத வெங்காயம்

எங்கள் ஆட்டுக்கொட்டகையின் மேலே ஒரு பழைய கித்தான் தார்பாய் கட்டியிருக்கிறது. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்துவிட்ட வருஷத்து மழையில் கொட்டகையின் ஓலைக்கூரை அப்படியே உட்கார்ந்துவிட்டது. நான்கு ஆடும் சமையலறையில் என் காலடியில் படுத்துக் கிடந்தன. மழை விட்ட பிறகு மருமகள் என்னை வண்டியின் பின்னால் ஏற்றி, வல்லக்கோட்டை போகிற சாலையில் லாரிகள் நிற்கும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே புளியமரத்தடியில் ஒருவர் லாரித் தார்பாய் தைத்துக்கொண்டிருந்தார்.

மருமகள்தான் பேசினாள். நான் மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டேன். வெளி ஆளிடம் பேச எனக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுந்து படிக்கச் சொன்னபோது அழுதுவிட்டு வீட்டுக்கு வந்தவள், பிறகு போகவேயில்லை. பேச வராதவளுக்கு இருக்கிற ஒரே வேலை பார்ப்பது. அவர் தைப்பதைப் பார்த்தேன். கோணி ஊசியை உள்ளங்கையில் கட்டிய தோல்துண்டால் தள்ளித் தள்ளித் தைத்தார். ஒரு சாண் தைத்ததும் நூலைத் திருப்பிப் போட்டு ஒரு முடிச்சு. மறுபடி ஒரு சாண், மறுபடி முடிச்சு. மூலைக்கு வந்ததும் காக்காய்க்கால் மாதிரி மூன்று தையல் விரித்துப் போட்டார். அப்போது அவர் வாய் முணுமுணுத்தது. தையலை எண்ணுகிறார் என்று நினைத்தேன். நான்கு மூலைக்கும் முணுமுணுத்தார். காக்காய்க்கால் மூன்றே தையல், அதற்கு எதற்கு இவ்வளவு நேரம் எண்ணுகிறார் என்று அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. யாரிடம் கேட்பது? வந்துவிட்டேன்.

சந்தேகம் எனக்குப் பிறவிக்குணம் இல்லை. கம்பெனிகள் வருவதற்கு முன்னால் எங்கள் ஊருக்கு வெள்ளைச்சட்டை போட்டு வந்தவர்கள் எல்லாரும் என்னை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். கும்பிட்டுக்கொண்டேதான் கையெழுத்து கேட்டார்கள். எங்கள் கேழ்வரகு நிலம் இன்றைக்கு ஒரு மதில்சுவருக்கு உள்ளே இருக்கிறது. அன்றிலிருந்து யாராவது என்னைப் பார்த்துச் சிரித்தால் இவருக்கு என்ன வேண்டுமோ என்றுதான் தோன்றும்.

மாடியில் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறோம். பெண்பிள்ளைகளுக்கு மட்டும். கம்பெனி பஸ் எங்கள் தெருமுனையில் நிற்கும். போன வருஷம் கடைசி அறைக்கு ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தூத்துக்குடிக்காரர்கள். மகளுக்குச் செல்போன் கம்பெனியில் வேலை. தாய்க்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சமைத்துப்போட வந்திருக்கிறாள். கழுத்தில் சிலுவை வைத்த சின்னத் தாலி.

மருமகள் வாசலில் நின்று விசாரித்தாள். நான் கதவுக்கு உள்ளே நின்று கேட்டேன்.

"வூட்டுக்காரரு எங்க கீறாரு?"

"கடலுக்குப் போயிருக்காவ."

"கப்பல்ல வேலையா? எப்ப வருவாரு?"

"சொல்லிட்டுப் போவல."

மகள் தலையைக் குனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தாள். அந்த வார் சரியாகத்தான் இருந்தது. அதை நான் பார்த்தேன்.

மாதங்கள் போயின. எந்த ஆணும் வரவில்லை. போன் வந்து அவள் புருஷனோடு பேசி நான் கேட்டதில்லை. ஆனால் வெளி இரும்புக்கதவு சத்தம் கேட்டால் மாடிச் சுவர்மேல் அவள் தலை எட்டிப் பார்க்கும். பால்காரர் என்றாலும் பார்க்கும், கேஸ் சிலிண்டர் என்றாலும் பார்க்கும். யாருக்குப் பயந்து பார்க்கிறாள், அல்லது யாரை வரச்சொல்லியிருக்கிறாள்? இரண்டில் ஒன்று என்று முடிவு கட்டினேன்.

பிறகுதான் தார்பாய் விஷயம். மகள் வேலைக்குப் போன ஒரு மத்தியானம் துணி காயப்போட அவள் கொல்லைக்கு வந்தாள். நான் உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு ஆட்டுக்கொட்டகைக்குப் போனாள். தார்பாயின் மூலையைப் பிடித்தாள். கட்டைவிரலால் தடவினாள். பின்பக்கம் திருப்பித் தடவினாள். பிறகு அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

என்னைப் பார்த்ததும் கேட்டாள். "யக்கா, இந்தப் பாய் எங்க வாங்குனிய?"

"தெரியாது," என்றேன்.

பொய். எனக்கு மரத்தடிகூடத் தெரியும். ஆனால் ஒருத்தி நம் கொட்டகைக்கூரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வந்து கேட்டால் என்ன சொல்வது? வாயில் முதலில் வந்தது அதுதான். ஒருதரம் தெரியாது என்று சொல்லிவிட்டால், அப்புறம் தெரியும் என்று சொல்ல எனக்கு எங்கே வாய் வரும்.

சாயங்காலம் மருமகளிடம் சொன்னேன். அவள் ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை பார்க்கிறாள், கால் வலியோடு வந்து உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா அத்தே, தார்பாய்க்கு முத்தமா குட்த்தாங்க?"

"கண்ணுல ஒத்திக்கினா. செய்வினை ஏதாவது இருக்குமா?"

"ஆமா, உன் நாலு ஆட்ட மயக்கி மாடிக்கு இட்டுகினு போவப்போறாங்க. போயி எண்ணிட்டு வா."

அவள் கேலிக்குத்தான் சொன்னாள். நான் போய் எண்ணினேன். நான்கும் இருந்தன. மறுநாள் கயிற்றை அவிழ்த்து, மூலையில் தகடு கிகடு வைத்துத் தைத்திருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. காக்காய்க்கால் தையல்தான். இருந்தாலும் நான்கு மூலையும் உள்பக்கம் மடிகிற மாதிரி தார்பாயைத் திருப்பிக் கட்டிவிட்டேன். அவள் கைக்கு எட்டாது. அடுத்த வாரம் துணி காயப்போட வந்தவள் கொட்டகையை ஒருதரம் சுற்றிவந்து வெறுமனே நின்றாள். நான் முறத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

இப்படியே பத்து மாதம் ஆனது. மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். அதே கம்பெனியில் வேலை பார்க்கிற, அதே கடற்கரைப் பக்கத்துப் பையன். அவன் அம்மா ஸ்ரீபெரும்புதூரில் குடியிருக்கிறாள். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஓலை வரைக்கும்.

அவர்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்களாம். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் வந்து சொல்லுங்கள் என்று சாமியார் எல்லார் முன்னாலும் படிப்பார். தாய் தகப்பன் பெயரையும் படிப்பார். செத்துப்போனவர் என்றால் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று ஒரு வார்த்தை சேர்த்துப் படிப்பார். அந்த ஒரு வார்த்தையைத்தான் இவள் எழுதித் தரவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பையனின் அம்மா நேரில் வந்துவிட்டாள். மாடியேற முட்டி வலிக்கிறது என்று எங்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் வழக்கம்போலக் கதவுக்கு உள்ளே.

"ஒரு வார்த்த கேக்கேன் மைனி. ஒங்க வீட்டுக்காரர் இருக்காரா, இல்லையா? இருந்தா கோயில்ல வந்து நிக்கட்டும். இல்லன்னா காலஞ்சென்றன்னு எழுதிக் குடுங்க. சாமியார் வெள்ளிக்கிழமைக்குள்ள கேக்காவ."

"அவுக கடலுக்குப் போனாவ."

"எல்லா வீட்டு ஆம்பளயுந்தான் போனாவ. வந்தாவ, இல்ல செத்தாவ. நடுவுல என்ன இருக்கு? ஓடிப்போனவன் மகள எம் பிள்ள கெட்டிட்டான்னு நாளைக்கு ஊரு பேசுனா நீங்க வந்து வாய அடைப்பியளா?"

"அவுக ஓடிப்போவல."

"அப்ப செத்துட்டாரா?"

பையனின் அம்மா எழுந்தாள். "வெள்ளிக்கெழம. அதுக்கு மேல நான் பொறுக்கமாட்டேன். வேற எடம் பாத்துருவேன்," என்று சொல்லிவிட்டு, போகிற போக்கில் கதவு இடுக்கில் என்னைப் பார்த்து, "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்கம்மா," என்றாள். இடுக்கில் நான் நிற்பது அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

அவள் போன பிறகு மகள் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். "யம்மா, எழுதிக் குடுத்துருவோமே."

"எப்படிட்டி எழுதுவேன்? கடலும் சொல்லல, கரையும் சொல்லல. நான் எழுதுனா நான் கொன்னதுல்லா ஆவும்."

அந்தச் சொல் எனக்கு என்னவோ செய்தது. முறத்தை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளும் வந்து ஆட்டுக்கொட்டகைக் கட்டையில் உட்கார்ந்தாள். நான் கேட்கவில்லை. கேட்காதவளிடம்தான் சிலர் சொல்வார்கள் போலிருக்கிறது.

அவள் புருஷன் போனது தோணியில். தோணி என்றதும் நான் ஏரியில் மீன்பிடிக்கிற படகு போல நினைத்தேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யக்கா, ஒங்க வீட்ட மாடியோட தூக்கி உள்ள வச்சிரலாம்," என்றாள். முழுக்க மரம். பனை உயரத்துக்குப் பாய்மரம். அவள் மாமனார் காலத்தில் தூத்துக்குடியிலேயே செய்தது. அந்தக் காலத்தில் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிக்கொண்டு ஓடுமாம். அங்கே சண்டை வந்த பிறகு மாலத்தீவுக்கு ஓடியது. நடுவில் ஒரு இன்ஜினும் வைத்தார்கள். ஆனாலும் காற்று இருந்தால் பாய்தான். ஒரு தண்டல், அவர்தான் தலைவர். அவரோடு பத்துப் பேர். அவள் புருஷன் சுக்கான் பிடிப்பார், பாய் தைப்பார். தோணிக்கு ஒரு பெயர் உண்டு. புருஷன் பெயரைச் சொல்லாத மாதிரியே அவள் அந்தப் பெயரையும் சொல்லவில்லை.

"மக தவழ்ந்துகிட்டிருந்தா. காத்துக் காலம் தொடங்குனா தோணி போவாது. அதுக்கு முந்தி கடைசி நடை. வெங்காயம் ஏத்திட்டுப் போறோம்னு சொல்லிட்டுத்தான் வீட்டவிட்டு எறங்குனாவ. கன்னியாமரி தாண்டி வேற தோணிக்காரவ பொழுது சாயும்போது பாய் விரிச்சுப் போனதப் பாத்திருக்காவ. அம்புட்டுத்தான்."

"தேடலியா?"

"தேடுனாவ. பலகை ஒண்ணு? இல்ல. கயிறு? இல்ல. யக்கா, வெங்காயம் மெதக்கும். ஒரு தோணி நெறைய வெங்காயம் கவுந்தா கடக்கரை முழுக்கச் செவப்பா ஒதுங்கியிருக்கணும். மணப்பாட்டுலருந்து கொளச்சல் வரைக்கும் நானே நடந்து பாத்தேன், பிள்ளய இடுப்புல வச்சுக்கிட்டு. ஒத்த வெங்காயம் கெடைக்கல. அப்ப கவுரலன்னுதான அர்த்தம்?"

கவிழவில்லை என்றால்? அதற்கும் ஊரில் பல பேச்சு. முதலாளி தோணியை வேறு நாட்டில் கொண்டுபோய்ப் பெயரை அழித்து வைத்திருக்கிறார் என்று ஒன்று. ஆட்கள் தீவில் வேறு பெண்களோடு குடித்தனம் செய்கிறார்கள் என்று ஒன்று. மற்றவர்களின் மனைவிகள் ஒவ்வொருத்தியாகத் தாலியைக் கழற்றிப் பூசை வைத்துவிட்டார்கள். இவள் மட்டும் வைக்கவில்லை. பூசை வைத்தால் செத்ததை ஒத்துக்கொண்டதாக ஆகும்.

"வெங்காயம் பொய் சொல்லாதுல்லா யக்கா," என்றாள். பிறகு தலையைத் தூக்கித் தார்பாயைப் பார்த்தாள். "இந்தப் பாய் மூலையில காக்காக்கால் கெடந்துச்சே. பாய் தைக்கிறவன் ஒவ்வொருத்தனுக்கும் மூலையில ஒரு குறி உண்டு. தையல் விட்டா யாரு காதத் திருகணும்னு தண்டலுக்குத் தெரியணும்லா? அது அவுக குறி. ஒங்களுக்குத் தெரியாதுன்னுட்டிய. நீங்க தெரியாமதான் சொல்லியிருப்பிய."

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. எழுந்து ஆட்டுக்குத் தண்ணீர் வைத்தேன். ஆடு குடிக்கவில்லை, இப்போதுதான் குடித்திருந்தது. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் சொல்ல முடிந்தது.

"எனக்குத் தெரியும். பொய் சொன்னேன்."

ஆட்டின் காதைத் தடவிக்கொண்டே மீதியையும் சொன்னேன்.

"புளியமரத்தாண்ட ஒருத்தர் தைக்கிறாரு. வல்லக்கோட்டை ரோட்டுல."

"பத்து மாசமாச்சே யக்கா."

"ஆமா."

"ஏன்?"

"பயமா இருந்திச்சு."

"என்னயப் பாத்தா?" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மறுநாள் மகள் வேலைக்குப் போன பிறகு தார்பாயை அவிழ்த்துச் சுருட்டினோம். நான் கூட வருகிறேன் என்றதும் மருமகள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா அத்தே? ஷேர் ஆட்டோவுல? மழ வரப்போவுது," என்றாள். மாடியிலிருந்து அவள் இறங்கி வந்தபோது புதுப்புடவை கட்டியிருந்தாள். முகத்துக்குப் பவுடர் போட்டிருந்தாள். தலையில் இரண்டு முழம் மல்லிகை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

அவர் அதே மரத்தடியில்தான் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. மடியில் ஒரு லாரிப் பாய், கையில் அதே தோல்துண்டு. அவள் சாலைக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டாள். கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாகப் போயின. இடையில் தெரிகிறபோதெல்லாம் அவரைப் பார்த்தாள். இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதே, தெரியுமா என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"அவுக இல்ல," என்றாள்.

திரும்பிவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சாலையைத் தாண்டினாள். தார்பாயைத் தூக்கிக்கொண்டு நானும் தாண்டினேன்.

அவர் முன்னால் மூலையை விரித்துப் போட்டாள். "இந்தக் குறி ஒங்களதா?"

அவர் குறியைப் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தார். "தார்பாயில எல்லாரும் போடுறதுதாம்மா."

"எந்த ஊரு நீங்க?"

"இந்தப் பக்கந்தான்."

"இந்தப் பக்கத்துல எவரும் சாணுக்கு ஒரு முடிச்சுப் போடமாட்டாவ. லாரிப் பாய் கிழிஞ்சா ஓரமா நிறுத்தித் தச்சுக்கிடலாம். நடுக்கடல்ல நிறுத்த முடியாது. அதுக்குப் போடுற முடிச்சு இது. கிழிசல் ஒரு சாணோட நிக்கணும்னு."

"வேல கெடக்கும்மா," என்று அவர் ஊசியை மெழுகில் குத்திவிட்டு எழுந்தார். பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். இந்த ஆள் எதையோ மறைக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மறைக்கிறவர்களை எனக்குத் தெரியும், நானே பத்து மாதம் மறைத்தவள்தானே.

எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. "எனக்குத் தச்சுக் குட்த்தப்ப மூலைக்கு மூல ஏதோ முணுமுணுத்தீங்களே," என்றேன். "நாலு மூலைக்கும். இன்னா அது?"

அவர் என்னைப் பார்த்தார். சுருட்டிய பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செபமா?" என்றாள் அவள்.

அவர் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

"செத்தவுகளுக்குச் சொல்லுத செபமா? யாருக்கு?"

அவர் ஒரு பெயர் சொன்னார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவர் பேச்சு மாறிவிட்டது. இத்தனை வருஷம் மூட்டை கட்டி வைத்திருந்த ஊர்ப்பேச்சு வெளியே வந்தது. அவரும் அந்தத் தோணியில் இருந்தவர். இன்னார் மகன் என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு ஆள் தெரிந்தது. பாய் தைக்க அவருக்குக் கற்றுக்கொடுத்தது இவள் புருஷன்தான்.

"அன்னைக்கு வெங்காய லாரி வரல. காத்துக் காலம் முட்டிக்கிட்டு நிக்கி. முதலாளி காத்திருக்கமாட்டேன்னுட்டாரு. ஜல்லிக்கல்லும் சிமெண்டும் வந்து எறங்குச்சு. அத ஏத்துனோம். சரக்குச் சீட்டுல மட்டும் வெங்காயம்னே இருந்துச்சு."

"கல்லா?" என்றாள்.

"கல்லு."

"வெங்காயம் இல்லையா?"

"ஒரு மூட கூட இல்ல."

"கல்லா?" மறுபடி கேட்டாள். அந்தக் கடற்கரை முழுவதையும் அவள் திரும்ப நடந்துகொண்டிருந்தாள் என்று இப்போது நினைக்கிறேன்.

"பாய்மரத்துக்கு அடியில ஒரு பலகை வாய் விட்டிருந்துச்சு. கித்தான மடிச்சு, தார் தடவி, நானும் அவருந்தான் அடைச்சோம். வெங்காயத்துக்கு அது தாங்கும். கல்லுக்குத் தாங்காது. ஏத்தி முடிச்சுப் பாக்கேன், தண்ணி விளிம்புக்கு ஒரு முழந்தான் கீழ நிக்கி. இது போய்ச் சேராதுன்னு பட்டுச்சு. பீடி வாங்கிட்டு வாரேன்னு எறங்குனேன். அவரு சுக்கான் பக்கத்துல நின்னு பாத்தாரு. எனக்கும் ஒரு கட்டு வாங்கிட்டு வாடேன்னு எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொன்னாரு. கல்லு கொண்டாந்த லாரி காலியாத் திரும்புச்சு. அதுல ஏறுனவந்தான்."

எனக்கு அவரை நம்ப மனம் வரவில்லை. நன்றாகக் கோர்த்துச் சொல்கிறானே என்றுதான் இருந்தது. அவளுக்கும் அப்படியே போல.

"பொய்," என்றாள். "அவுக பீடி குடிக்கமாட்டாவ. தொட்டதே இல்ல."

"குடிக்கமாட்டாரு," என்றார் அவர். "அதுனாலதான் அவருக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுது. தண்டல் என்னயக் கூப்புடாம இருக்கணும்னு சொன்னாரு, நான் திரும்பமாட்டேன்னு தெரிஞ்சே."

அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்தாள். பக்கத்தில் ஒரு லாரிக்காரர் வந்து, "பெரியவரே, நம்ம பாய் ஆச்சா?" என்று கேட்டார். அவள் மண்ணில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு டீக்கடைக்குப் போனார்.

"ஊருக்கு நானும் செத்தவந்தான்," என்றார் அவர். "எந்த மொகத்தோட போயி நிக்க? அதுக்கப்புறம் என் குறியப் போடல. அவரு குறியத்தான் போடுதேன். போடும்போது செபம் சொல்லுதேன்."

"ஒங்கம்மா ஒங்களுக்கு வருசா வருசம் பூசை வச்சாவ," என்றாள் அவள். சண்டைக்குரலில் இல்லை, செய்தி சொல்கிற மாதிரி. "நானும் போயி நின்னிருக்கேன். அவுகளும் போய்ச் சேந்தாச்சு. உசுரோட இருக்க ஒங்களுக்குப் பூசை நடந்துச்சு. அவுகளுக்கு நான் ஒண்ணு வைக்கல."

அவர் தோல்துண்டைக் கையிலிருந்து அவிழ்க்கத் தொடங்கினார். முடிச்சு அவிழவில்லை. அவள் எழுந்து புடவையைத் தட்டினாள்.

"ஞாயித்துக்கெழம கோயிலுக்கு வாங்க. ஓலை வாசிக்காவ. நீங்க வந்து நிக்கணும்."

ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அவள் தலையில் பூ இல்லை. எங்கே எடுத்தாள், எங்கே வைத்தாள் என்று எனக்குத் தெரியாது. எல்லாவற்றையும் பார்க்கிற நான் அதைப் பார்க்கவில்லை. அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு போய்ச் சாமியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் மருமகளும் போனோம். அவர்கள் கோயிலுக்குள் நான் போனதில்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் பின்னால் செருப்பு விடுகிற இடத்திலேயே நின்றுகொண்டேன். அவர் வரமாட்டார், மறுபடி ஏதாவது லாரியில் ஏறியிருப்பார் என்று மருமகளிடம் சொன்னேன். "உனக்கு சாமி மேலயும் டவுட்டு அத்தே," என்றாள் அவள். பாட்டு தொடங்கின பிறகு அவர் வந்தார். சலவைச்சட்டை போட்டிருந்தார். எனக்கு நான்கடி தள்ளி, அவரும் செருப்புகள் பக்கத்திலேயே நின்றார்.

சாமியார் ஓலையைப் படித்தார். முதலில் பையன் வீடு. பிறகு இவள் வீடு. "காலஞ்சென்ற" என்று ஆரம்பித்து அந்தப் பெயரைச் சொன்னார். அவள் வாயால் சொல்லாத பெயரை நான் இங்கே எழுதமாட்டேன். பக்கத்தில் அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பையனின் அம்மா திருப்தியாகத் தலையை ஆட்டினாள்.

முன்வரிசையில் இருந்த அவள் திரும்பிப் பார்த்தாள். அவரைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன், இல்லை. வாசலைப் பார்த்தாள். எங்கள் இரும்புக்கதவு சத்தம் கேட்டால் மாடியிலிருந்து பார்ப்பாளே, அதே பார்வை. வாசலில் யாரும் இல்லை. ஒரு நொடி பார்த்துவிட்டு முன்னால் திரும்பிக்கொண்டாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அந்த ஆளை நான் இன்றைக்கும் முழுசாக நம்பவில்லை. பீடிக் கதையை மட்டும் நம்புகிறேன். தார்பாயை இப்போது அந்த மூலை வெளியே தெரிகிற மாதிரி கட்டியிருக்கிறேன். அவள் துணி காயப்போட வருகிறாள், உலர்த்திவிட்டுப் போகிறாள். அதைத் தொடுவதில்லை. ஆட்டுக்குத் தழை போடும்போது நான்தான் ஒருதரம் தடவிப் பார்க்கிறேன். தையல் விடவில்லை.